தேயும் பிரேக்கும் தெரியும் குறிகளும்

தில்லி, மும்பை, கொல்கத்தா, ஆமதாபாத் போன்ற நகரங்களில் குடியேறி வாழும் நம்மவருள் பலர், கோடை விடுமுறைக்கும் பொங்கலுக்கும் தம் சொந்தக் காரிலேயே குடும்பத்துடன் ஊர் சென்று வருகின்றனர். புறப்படுமுன் டயரில் காற்றுப் பார்க்கிறோம்; எஞ்சின் எண்ணெயும் ரேடியேட்டர் நீரும் பார்க்கிறோம்; குளிர்சாதனம் வேலை செய்கிறதா என்பதையும் மறவாமல் பார்க்கிறோம். பிரேக்கை மட்டும் காலால் ஒருமுறை அழுத்திப் பார்த்து, 'பிடிக்கிறது' என்று அமைதி கொள்கிறோம். அந்த அமைதி எவ்வளவு தூரம் நம்பத்தக்கது? பிரேக்கில் தேயும் உறுப்பு எது, அது தேய்ந்ததை எவ்வாறு அறிவது, எப்போது மாற்றுவது என்பனவற்றை இங்கே சற்று விளக்கமாகக் காண்போம்.

இன்றைய கார்களில் பெரும்பாலானவற்றின் முன் சக்கரங்களில் டிஸ்க் பிரேக் அமைந்துள்ளது. சக்கரத்தோடு சேர்ந்து சுழலும் வார்ப்பிரும்பு வட்டே டிஸ்க் எனப்படுவது. அதன் விளிம்பை இருபுறமும் கவ்வி நிற்பது காலிப்பர் என்னும் இடுக்கி. இடுக்கியின் உள்முகங்களில் பக்கத்துக்கு ஒன்றாகப் பொருத்தப்பட்டவையே பிரேக் பேடுகள். எஃகுத் தகடு ஒன்றின் மேல் உராய்வுப் பொருளை வைத்து, சூட்டிலும் அழுத்தத்திலும் இறுக்கிச் செய்த சிறு பட்டை அது. நாம் பெடலை மிதிக்கும்போது குழாய்களில் உள்ள பிரேக் திரவம் பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பேடை டிஸ்கின் மேல் அழுத்துகிறது. உராய்வினால் சக்கரத்தின் வேகம் தணிகிறது. வண்டியின் ஓட்டத்தில் இருந்த ஆற்றல் மறைந்து போவதில்லை. அது வெப்பமாக மாறி, டிஸ்கிலும் பேடிலும் ஏறிப் பின்னர்க் காற்றில் கலக்கிறது. மிதிக்கும் ஒவ்வொரு முறையும் பேடின் முகத்திலிருந்து நுண்ணிய படலம் ஒன்று தூளாகிறது. முன் சக்கரங்களின் மேல் நாம் அடிக்கடி துடைக்கும் கருந்தூள் பெரும்பாலும் அதுவே. ஆகவே, பேட் தேய்வது ஒரு குறையன்று. தேய்வதற்காகவே அது செய்யப்பட்டது. தேய்ந்து முடிந்த பின்னும் அதை வைத்திருப்பதே குறை.

பிரேக்கை அழுத்தும்போது வண்டியின் பாரம் முன்புறம் சாய்கின்றது. அதனால் நிறுத்தும் வேலையில் பெரும்பங்கு முன் சக்கரங்களையே சார்கிறது. முன் பேடுகள் விரைவில் தேய்கின்றன. சிறிய கார்கள் பலவற்றில் பின் சக்கரங்களுக்கு இன்றும் டிரம் பிரேக்கே உள்ளது. அதில் பேடுக்குப் பதிலாக வளைந்த பிரேக் ஷூக்கள், சுழலும் டிரம்மின் உட்சுவரை அழுத்துகின்றன.

இங்கே பழைய வழக்கம் ஒன்றைக் குறிப்பிடுதல் வேண்டும். கொல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 1957 முதல் 2014 வரை அம்பாஸடர் கார் உருவாயிற்று. தொடக்க கால அம்பாஸடரின் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக்கே இருந்தது. ஷூ தேயத் தேய, அதற்கும் டிரம்முக்கும் உள்ள இடைவெளி பெருகும். பெடல் முன்னைவிட ஆழமாக இறங்கும். அக்கால ஓட்டுநர்கள் தம் பாதத்தாலேயே தேய்மானத்தை அளந்தனர். 'பெடல் மேலேயே நிற்கிறது, ஆகவே பிரேக் நன்றாக உள்ளது' என்னும் முடிவு அன்று பெரும்பாலும் பொருந்திற்று. அந்த முடிவையே நம்மில் பலர், தந்தையிடமிருந்தோ பழைய ஓட்டுநரிடமிருந்தோ கற்று இன்றும் பின்பற்றுகிறோம்.

டிஸ்க் பிரேக்குக்கு அது பொருந்தாது. பேட் தேயும் அளவுக்குப் பிஸ்டன் தானாகவே முன்னேறி நின்றுகொள்கிறது. பிஸ்டனைச் சுற்றியுள்ள இரப்பர் வளையம், மிதியை விட்டதும் அதைச் சிறிதளவே பின்னிழுக்கும். தேய்ந்த இடைவெளி முழுவதையும் திறந்து விடாது. இதனால் புதிய பேடிலும், தேய்ந்து தகடளவுக்கு வந்த பேடிலும், பெடல் ஏறத்தாழ ஒரே உயரத்தில்தான் நிற்கும். வண்டியும் ஏறத்தாழ ஒரே விதமாகத்தான் நிற்கும். கடைசி மில்லிமீட்டர் வரை நன்றாகப் பிடித்துவிட்டு, அதன் பின் கைவிடக்கூடிய உறுப்பு இது. ஆகவே, காலை நம்பாமல் கண்ணை நம்ப வேண்டும் என்பதே இப்பொருளில் முதன்மையாக உணர வேண்டியதாகும். டிஸ்க் பிரேக் உள்ள வண்டியில் பெடல் ஆழமாக இறங்கினாலோ, பஞ்சுபோல் அமுங்கினாலோ, அது பேட் தேய்ந்ததைக் காட்டுவதன்று. திரவக் கசிவோ குழாயில் காற்றோ புகுந்திருக்கலாம். அந்த வண்டியைச் சோதிக்காமல் ஓட்டலாகாது.

இனி அளவுகளைக் காண்போம். புதிய பேடில் உராய்வுப் பொருளின் தடிமன் பொதுவாக 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும். அது 3 மில்லிமீட்டருக்குத் தேய்ந்தால் மாற்றும் வேளை வந்துவிட்டது எனக் கொள்வது நல்ல நடைமுறை. 2 மில்லிமீட்டருக்குக் கீழே வந்த பேடுடன் வண்டியை ஓட்டுவது தீங்கை அழைப்பதாகும். இவை பொதுவான அளவுகள். உங்கள் வண்டிக்குரிய எல்லை, அதன் கையேட்டிலோ பழுதுபார்க்கும் நிலையத்துக்குத் தயாரிப்பாளர் தந்த குறிப்பிலோ இருக்கும். சில குறிப்புகளில் எஃகுத் தகட்டின் தடிமனையும் சேர்த்துக் கூறுவதுண்டு. எதைச் சேர்த்த அளவு என்பதைக் கவனித்தல் வேண்டும். அளவுகோல் கையில் இல்லாதபோது எளிய வழி ஒன்று உண்டு. உராய்வுப் பொருள், அதைத் தாங்கும் தகட்டைவிட மெல்லியதாகத் தோன்றினால், தாமதமின்றிச் சரியாக அளக்கச் செய்ய வேண்டும்.

'எத்தனை கிலோமீட்டருக்கு ஒருமுறை மாற்றுவது?' என்று பலர் கேட்பதுண்டு. இதற்கு ஒரே விடை கிடையாது. தாதரிலிருந்து அந்தேரி வரை நாள்தோறும் ஊர்ந்து செல்பவர் ஒரு மணி நேரத்தில் நூறு முறை பிரேக்கை மிதிக்கலாம். நெடுஞ்சாலையில் அதே நேரம் செல்பவர் பத்து முறைகூட மிதிக்க மாட்டார். ஒரே மாதிரி வண்டி, ஒரே வகைப் பேட். எனினும் ஒருவருக்கு 30,000 கிலோமீட்டரில் தேய்வது மற்றொருவருக்கு 60,000 கிலோமீட்டர் வரை உழைக்கலாம். வேகமும் இதில் பெரும்பங்கு கொள்கிறது. மணிக்கு 50 கிலோமீட்டரில் செல்லும் வண்டியை நிறுத்துவதைக் காட்டிலும் 100 கிலோமீட்டரில் செல்லும் அதே வண்டியை நிறுத்த நான்கு மடங்கு ஆற்றலை பிரேக் வெப்பமாக்க வேண்டும். சமிக்ஞை விளக்கு வரை விரைந்து சென்று இறுதியில் அழுத்துபவரும், தொலைவிலேயே காலைத் தளர்த்தி மெல்ல வந்து நிற்பவரும் ஒரே அளவு பேடைச் செலவிடுவதில்லை.

ஆயினும் உங்கள் வண்டியின் தேய்மானத்தை நீங்களே கணக்கிடலாம். புதிதாக 11 மில்லிமீட்டர் இருந்த பேட் 20,000 கிலோமீட்டர் ஓடிய பின் 7 மில்லிமீட்டராக இருக்கிறது எனக் கொள்வோம். 5,000 கிலோமீட்டருக்கு ஒரு மில்லிமீட்டர் வீதம் அது தேய்கின்றது. மேலும் ஏறத்தாழ 20,000 கிலோமீட்டரில் அது 3 மில்லிமீட்டருக்கு வரும். தில்லியிலிருந்து சென்னை சென்று திரும்ப ஏறத்தாழ 4,400 கிலோமீட்டர். இப்போது 4 மில்லிமீட்டர் உள்ளதென்றால், வீடு திரும்பும்போது எல்லையை நெருங்கியிருப்போம். நடுவழியில் அறியாத ஊரில் மாற்றுவதைக் காட்டிலும், புறப்படுமுன் மாற்றிவிடுவதே நன்று. பத்திரத்திலும் பற்றுச்சீட்டிலும் நாம் காட்டும் கவனத்தில் ஒரு சிறு பங்கை, தேதி, கிலோமீட்டர், பேடின் தடிமன் என மூன்று எண்களை ஒரு குறிப்பேட்டில் எழுதிவைப்பதில் காட்டினால் போதும்.

கண்ணுக்கு அடுத்தபடியாகக் காது துணை செய்யும். பல பேடுகளில் மெல்லிய எஃகு நாக்கு ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். பேட் எல்லைக்குத் தேய்ந்ததும் அந்நாக்கு சுழலும் டிஸ்கைத் தொட்டுக் கீச்சென்ற கூர்மையான ஒலியை எழுப்பும். இது பழுதின் ஒலியன்று. 'என்னை மாற்றுக' என்று பேட் தரும் அறிவிப்பு. விலையுயர்ந்த கார்கள் சிலவற்றில் நாக்குக்குப் பதிலாக மின்கம்பி இருக்கும். அது தேய்ந்து அறுந்ததும் முன்பலகையில் விளக்கு எரியும். ஆனால் எல்லாப் பேடுகளிலும் நாக்கு இருப்பதில்லை. இருப்பினும் ஒரு சக்கரத்தின் இரு பேடுகளில் ஒன்றில் மட்டுமே இருக்கக்கூடும். ஒலி வரவில்லை என்பதால் தேயவில்லை என முடிவு செய்தல் தவறாகும்.

எல்லா ஒலியும் தேய்மானத்தின் ஒலியன்று என்பதையும் அறிதல் வேண்டும். மும்பை, விசாகப்பட்டினம் போன்ற கடலோர நகரங்களில் மழைக்காலத்தில் வண்டியை ஓரிரு நாள் நிறுத்தி வைத்தாலே டிஸ்கின் மேல் துரு படரும். ரயிலில் ஊருக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்புவோர் வண்டியில் இது உறுதி. புறப்பட்டதும் கரகரவென ஓர் ஒலி கேட்கும். சில முறை பிரேக் போட்டதும் துரு உதிர்ந்து ஒலியும் மறையும். மறையாமல் நிலைத்து நிற்கும் கீச்சொலியே கவனத்துக்குரியது. அதனினும் கடுமையானது, இரும்பை இரும்பு அரைப்பது போன்ற உறுமல். உராய்வுப் பொருள் முற்றும் தீர்ந்து எஃகுத் தகடே டிஸ்கை உரசுகிறது என்பது அதன் பொருள். அந்நிலையில் வண்டி நிற்கும் தூரம் நீளும். டிஸ்கும் வரிவரியாகக் கீறலுற்றுக் கெடும். பேடோடு முடிய வேண்டிய செலவு டிஸ்கையும் சேர்த்துக்கொள்ளும். அவ்வொலி கேட்டபின் வண்டியை ஓட்டிச் செல்லாமல் பட்டறைக்கு இழுத்துச் செல்லச் செய்வதே தக்கது.

மூன்றாவது குறி, பிரேக் திரவத்தின் மட்டம். பேசும் வழக்கில் இதை பிரேக் ஆயில் என்கிறோம். ஆனால் இது எண்ணெயன்று. எஞ்சின் எண்ணெயைத் தவறி ஊற்றினால் இரப்பர் உறுப்புகள் அனைத்தும் கெடும். பேட் தேய்ந்து பிஸ்டன் முன்னேற, அதன் பின்னுள்ள இடத்தைத் திரவம் நிரப்புகிறது. ஆகவே எஞ்சின் அறையில் உள்ள சிறு குப்பியில் மட்டம் மெல்ல மெல்லக் குறைகிறது. மாதக்கணக்கில் சிறிது சிறிதாகக் குறைந்தால் முதலில் பேடைப் பார்க்க வேண்டும். பேடைப் பாராமல் திரவத்தை மட்டும் ஊற்றி நிரப்பினால், அந்தக் குறியையே நாம் அழித்துவிடுகிறோம். பின்னர்ப் புதிய பேட் போடும்போது பிஸ்டன் பின்னுக்குத் தள்ளப்பட, திரவம் வழிந்து வண்ணப் பூச்சையும் அரிக்கும். சில நாட்களிலேயே மட்டம் இறங்கினாலோ அது கசிவு. உடனே சோதிக்க வேண்டியது.

அழுத்தும்போது வண்டி ஒருபுறம் இழுத்தால், ஒரு பக்கத்துக் காலிப்பர் சரியாக நகரவில்லை என ஐயுறலாம். பெடலும் ஸ்டியரிங்கும் அதிர்ந்தால் டிஸ்க் சீராகத் தேயவில்லை எனக் கொள்ளலாம். ஆனால் திடீரென வன்மையாக மிதிக்கும்போது மட்டும் பெடல் காலின் கீழ்த் துடித்தால், சக்கரம் வழுக்காமல் காக்கும் ஏபிஎஸ் தன் வேலையைச் செய்கிறதென்று பொருள், காலை எடுத்துவிடலாகாது. 2019 ஏப்ரல் முதல் இந்தியாவில் விற்பனையாகும் புதிய கார்களில் ஏபிஎஸ் கட்டாயமாக்கப்பட்டது. எனினும், ஏபிஎஸ் இருப்பதால் தேய்ந்த பேட் புதிதாகிவிடாது.

தேய்ந்த பேடின் தீமை முழுவதும் வெளிப்படும் இடம் மலைச்சரிவு. ஊரிலிருந்து திரும்பி மும்பை நோக்கி இறங்குவோர் லோணாவளாவிலிருந்து கோபோலி வரை போர் காட்டில் ஐந்நூறு மீட்டர் உயரத்துக்கு மேல் இறங்குகின்றனர். குடும்பமும் மூட்டைகளும் சேர்ந்து 1,500 கிலோகிராம் எடையுள்ள கார் அவ்வளவு உயரம் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல், இருபது லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. அவ்வளவையும் பிரேக்கே ஏற்குமாறு காலை அழுத்திக்கொண்டே வந்தால், உராய்வுப் பொருளின் பிடிப்பு தளரும். மெலிந்த பேட் வெப்பத்தைத் தடுத்து நிறுத்த இயலாமல் பிஸ்டனுக்கும் திரவத்துக்கும் எளிதில் கடத்தும். திரவம் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. புதிதாக உள்ளபோது 230 பாகை செல்சியஸுக்குக் குறையாத வெப்பத்தில் கொதிக்க வேண்டிய டாட் 4 வகைத் திரவம், ஈரம் ஏறியபின் 155 பாகை அளவிலேயே கொதிக்கக்கூடும். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ் தோன்றும். ஆவி அமுங்குமேயன்றித் தள்ளாது. பெடல் தரை வரை இறங்கியும் வண்டி நிற்காது. திரவத்தை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றச் சொல்வது இதனாலேயே.

தில்லியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வரும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில், தருமபுரியைக் கடந்து சேலம் நோக்கி இறங்கும் தொப்பூர்க் கணவாய் விபத்துகளுக்குப் பெயர்பெற்றது. இத்தகைய இறக்கங்களில் தாழ்ந்த கியரில் எஞ்சினே வண்டியைப் பிடிக்குமாறு இறங்க வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டு அழுத்த வேண்டும். கருகிய நாற்றம் வந்தால் பாதுகாப்பான ஓரத்தில் நிறுத்தி ஆறவிட வேண்டும். சூடேறிய டிஸ்கின் மேல் தண்ணீர் ஊற்றுதல் கூடாது. அது வளைந்தோ வெடித்தோ போகலாம்.

பேடை நாமே பார்க்கும் வழி எளிது. சமதரையில் வண்டியை நிறுத்தி, சக்கரம் ஆறியபின், ஸ்டியரிங்கை ஒருபுறம் முழுவதும் திருப்பினால் முன் காலிப்பர் வெளியே தெரியும். சக்கரத்தின் இடைவெளி வழியே கைவிளக்கு அடித்தால் வெளிப்பேடின் விளிம்பைக் காணலாம். ஆனால் இது பாதிச் சோதனையே. காலிப்பர் வழுக்கும் ஊசிகள் அழுக்கால் இறுகினால் உட்பேட் மட்டும் விரைந்து தேயும். வெளியிலிருந்து அது தெரியாது. ஆகவே பத்தாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை டயர்களை இடம் மாற்றும்போது, சக்கரம் கழன்றிருக்கும் அவ்வேளையில், உட்பேடு, வெளிப்பேடு இரண்டையும் அளக்கச் செய்யலாம். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் கீழ்க் கையையோ தலையையோ நீட்டலாகாது.

வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழும் நமக்குப் பட்டறையில் ஓர் இடர்ப்பாடு உண்டு. மெக்கானிக் கூறுவது முழுவதும் விளங்காதபோது, சிலர் எல்லாவற்றுக்கும் தலையசைத்து வேண்டாத செலவை ஏற்கின்றனர். சிலர் ஐயுற்று, வேண்டிய வேலையையும் மறுத்து விடுகின்றனர். இரண்டும் இழப்பே. மில்லிமீட்டர் என்னும் சொல் எல்லா மாநிலப் பட்டறைகளிலும் ஒன்றே. இந்தி வழங்கும் ஊரில் 'பாயி ஸாஹப், பேட் கித்னா மில்லிமீட்டர் பச்சா ஹை?' என்று கேட்டால் போதும். மாற்றிய பின் 'புரானா பேட் திகாயியே' என்று பழையதையும் காட்டச் சொல்லலாம். 7 மில்லிமீட்டர் உள்ள பேடை மாற்ற வேண்டும் என்பவரிடம் காரணம் கேட்க நமக்கு உரிமையுண்டு. வெடிப்போ எண்ணெய்க் கறையோ இருந்தால் அவர் காட்டுவார். 2 மில்லிமீட்டர் என்று அவர் காட்டும்போது, 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்று நாம் சொல்லலாகாது.

மாற்றும்போது சில முறைகளைக் கடைப்பிடித்தல் அவசியம். ஓர் அச்சின் இடம், வலம் இரு சக்கரங்களுக்கும் ஒரே வேளையில் மாற்ற வேண்டும். இல்லையேல் வண்டி ஒருபுறம் இழுக்கும். டிஸ்கின் தடிமனையும் அளக்க வேண்டும். குறையக்கூடாத அளவு பெரும்பாலும் டிஸ்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். பிரேக்கில் படிந்த தூளைக் காற்றடித்துப் பறக்கவிடுதல் நுரையீரலுக்குத் தீங்கு. ஈரத் துணியாலோ அதற்குரிய நீர்மத்தாலோ துடைக்கச் சொல்ல வேண்டும். வேலை முடிந்ததும், வண்டியை நகர்த்துமுன், பெடல் இறுகும் வரை பல முறை மிதிக்க வேண்டும். பின்னுக்குத் தள்ளிய பிஸ்டன் மீண்டும் பேடைத் தொடும் வரை முதல் மிதிக்கு பிரேக் பிடிக்காது. இதை மறந்து பட்டறை வாயிலிலேயே மோதுவது உண்டு. புதிய பேடும் டிஸ்கும் ஒன்றோடொன்று படிவதற்கு முதல் சில நூறு கிலோமீட்டர் மென்மையாக ஓட்ட வேண்டும். ஆகவே, ஊர்ப் பயணத்துக்கு முந்திய நாள் மாலையில் மாற்றாமல், ஒரு வாரம் முன்பே மாற்றிக்கொள்வது நலம்.

மின்சாரக் கார்களில் மோட்டாரே வேகத்தைத் தணிக்கும் பங்கை ஏற்பதால் பேட் மெதுவாகத் தேயும். ஆனால் மிதிபடாத பேடும் ஊசிகளும் துருவேறி இறுகக்கூடும். ஆகவே அவற்றுக்கும் ஆண்டுக்கொரு முறை சோதனை வேண்டும்.

சென்னையை அடுத்த பாடி, அம்பத்தூர்ப் பகுதிகளில் 1960-களிலேயே பிரேக் கருவிகளும் உராய்வுப் பட்டைகளும் செய்யும் தொழில் வேரூன்றியது. நாம் எந்த மாநிலத்தில் வாழ்ந்தாலும், நம் வண்டியின் சக்கரத்துக்குள் இருக்கும் பட்டை நம் மக்கள் கைபட்டு வந்ததாகவும் இருக்கலாம். செய்தவர் தம் கடமையைச் செய்து முடித்தார். அது தேய்ந்ததா என்று பார்ப்பது ஓட்டுபவர் கடமை. ஊருக்குப் புறப்படும் வாரத்தில் ஒரு கைவிளக்கும் கால் மணி நேரமும் ஒதுக்கினால் அக்கடமை நிறைவேறும்.